வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் ஒற்றுமையா?

அப்ரைசல் படிவத்தில் ஒருவருடைய பதவி உயர்வைத் தடுக்க ஒரு வரி போதும்: ‘வேலை தெரிந்தவர்தான், ஆனால் டீம் பிளேயர் இல்லை.’ பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் எழுதப்படும் இந்த வரியை ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலும் வங்கிக் கிளைகளிலும்கூட எழுதுகிறார்கள். அந்த ஆள் அப்படி என்னதான் செய்தார் என்று விசாரித்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். மேலாளர் சொன்ன தேதிக்குள் வேலை முடியாது என்று கூட்டத்தில் சொல்லியிருப்பார். அல்லது எல்லோரும் தலையாட்டிவிட்ட ஒரு முடிவைப் பற்றி மறுபடியும் கேள்வி எழுப்பியிருப்பார்.

இந்த வரியை எழுதுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் ஒரு நம்பிக்கையின்படி நடக்கிறார்கள். உரசல் இல்லாத குழுவே நல்ல குழு, ஒரே குரலில் பேசும் நிறுவனமே நல்ல பண்பாடு கொண்ட நிறுவனம், நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்கிறது அந்த நம்பிக்கை. பயிற்சி வகுப்புகள் இதைத்தான் சொல்லித் தருகின்றன. எச்.ஆர். துறைகள் இதைத்தான் சுவரில் ஒட்டுகின்றன. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஆட்களைப் பலிகொள்ளும் அளவுக்குத் தவறான நம்பிக்கை இது. அப்படிப் பலிகொண்டதற்கு ஆவணங்களும் இருக்கின்றன.

1986 ஜனவரி 27 மாலை, அமெரிக்காவில் மூன்று ஊர்களை இணைத்து ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. யூட்டாவில் மார்ட்டன் தயோகால் நிறுவனத்தார், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையத்தார், ஃபுளோரிடாவில் ஏவுதளத்தில் இருந்தவர்கள். மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும். அன்றிரவு ஏவுதளத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் என்று முன்னறிவிப்பு வந்திருந்தது. விண்ணோடத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்து தந்தது தயோகால். அந்த ராக்கெட்டின் பகுதிகள் சேரும் மூட்டுகளில் சூடான வாயு கசியாமல் தடுப்பவை ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் இறுகிவிடும். மூட்டு விரியும் வேகத்துக்கு ஈடுகொடுத்து இடைவெளியை அடைக்காது.

ரோஜர் பாய்ஷோலி என்ற பொறியாளருக்கு இது தெரியும். ஓராண்டுக்கு முன், 1985 ஜனவரியில், சுமார் 12 டிகிரி செல்சியஸில் ஏவப்பட்ட ராக்கெட்டைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்தபோது, வளையங்களுக்கு இடையே கிரீஸ் கன்னங்கரேலென்று கருகியிருந்ததை அவர் நேரில் பார்த்திருந்தார். அதுவரை ஏவியதிலேயே குளிரான நாள் அதுதான். அந்த ஆண்டு ஜூலை மாதமே, இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்கள் போகும் என்று மேலதிகாரிக்கு எழுதியும் கொடுத்திருந்தார். எனவே அன்று மாலை அவரும் சக பொறியாளர்களும் சொன்னது தெளிவாக இருந்தது. 12 டிகிரிக்குக் கீழே ஏவாதீர்கள். தயோகால் நிறுவனமும் முதலில் அதையே தன் பரிந்துரையாகச் சொன்னது.

நாசா தரப்புக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்ற தொனியில் ஒரு மேலாளர் கேட்டார். தயோகால் தரப்பு ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டு இணைப்பைத் துண்டித்தது. அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது. அந்த அறையில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஆர்னால்ட் தாம்ஸன் என்ற பொறியாளர் எழுந்துபோய், மேலாளர்களுக்கு முன்னால் ஒரு தாளை வைத்து மூட்டின் படத்தை வரைந்து விளக்கினார். பாய்ஷோலி, கருகிய மூட்டின் புகைப்படங்களை மேசைமேல் வைத்துப் பாருங்கள் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு மூத்த மேலாளர் ஒருவர், தயங்கிக்கொண்டிருந்த பொறியியல் பிரிவுத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான்கு மேலாளர்கள் மட்டும் வாக்களித்தார்கள். பொறியாளர்களிடம் கேட்கவே இல்லை. முடிவு: ஏவலாம்.

இணைப்பு மீண்டும் வந்தது. புதிய பரிந்துரை வாசிக்கப்பட்டது. யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா தரப்பில் கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ஏவுதளத்தில் இருந்த தயோகாலின் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்; யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டுத் தொலைநகல் அனுப்பினார். மறுநாள் ஏவப்பட்ட 73-வது விநாடியில் விண்ணோடம் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட ஏழு பேர் இறந்தார்கள்.

இப்போது அந்தக் கூட்டத்தை நம் அலுவலக அளவுகோல்களால் அளந்து பாருங்கள். முடிவு ஒருமனதாக வந்தது. வாடிக்கையாளரின் கோரிக்கை நிறைவேறியது. குறித்த நாள் தள்ளிப்போகவில்லை. கருத்து மாறுபட்டவர்கள், மேலிடம் தீர்மானித்த பிறகு பிடிவாதம் பிடிக்காமல் அமைதியாகிவிட்டார்கள். நம் பயிற்சி வகுப்புகளில் நல்ல குழுவுக்குச் சொல்லித்தரும் அடையாளங்கள் ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன. கையெழுத்துப் போட மறுத்த ஒரே மனிதர்தான் அந்த இரவில் ‘டீம் பிளேயர் இல்லை.’

இதை மேலாளர்களின் தனிப்பட்ட தவறு என்று சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. அந்தத் தொப்பிப் பேச்சு முழுக்க முழுக்கக் குழு உணர்வுக்கு விடுத்த அழைப்பு. உனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களோடு வந்து நில் என்பதே அதன் உள்ளடக்கம். விசாரணையில் உண்மையைச் சொன்ன பிறகு மெக்டொனால்டைப் பொறுப்பிலிருந்து ஒதுக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறுவனத்துக்கு எதிராகக் குரல் எழுந்த பிறகே அவருக்கு மறுபடி பொறுப்பு கிடைத்தது. மூட்டுகளைத் திருத்தி அமைக்கும் பணிக்கு அவரே தலைமை தாங்கினார். பாய்ஷோலிக்கு அதுவும் வாய்க்கவில்லை. கூட வேலை செய்தவர்களே விலகிப் போனார்கள், ஊராரும் முகம் கொடுக்கவில்லை, வேலையை விட்டுப் போனார். ஏழு உயிர்களைக் காப்பாற்ற முயன்றவரை அந்தக் ‘குடும்பம்’ நடத்திய விதம் இது.

நாசா பாடம் கற்றிருக்கும் என்று நினைப்போம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டபோது, வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. இறக்கையைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். முறையான வழியில் வராத கோரிக்கை, அவசியமும் இல்லை என்று மேலே இருந்தவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவும் உடன் சென்ற ஆறு பேரும் திரும்பி வரவில்லை. விபத்தை விசாரித்த குழு, அந்த நுரைத்துண்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நாசாவின் நிறுவனப் பண்பாட்டுக்கும் உண்டு என்று அறிக்கையில் எழுதியது. தமிழ்நாடு அரசு துணிச்சலான பெண்களுக்கு ஆண்டுதோறும் கல்பனா சாவ்லா பெயரில் விருது தருகிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அவர் உயிர் தரையில் இருந்தவர்களின் துணிச்சலையும் நம்பியிருந்தது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

விமானத் துறை இதே பாடத்தை வேறு விதமாகக் கற்றது. 1977-இல் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கே.எல்.எம். விமானத்தின் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அந்த நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சியாளர்களில் ஒருவர் அவர். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் போர்ட்லேண்ட் நகருக்கு மேலே, சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற குழப்பத்தில் ஒரு விமானம் ஒரு மணி நேரம் வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்பது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லவும் செய்தார்கள். மரியாதையாக, பட்டும் படாமலும் சொன்னார்கள்.

இதற்குப் பிறகு விமான நிறுவனங்கள் செய்த காரியத்தை நம் நிர்வாகிகள் ஊன்றிப் படிக்க வேண்டும். சக விமானிகள் இன்னும் அன்பாகப் பழக வேண்டும் என்று அவர்கள் சுற்றுலா அழைத்துப் போகவில்லை. எதிர்த்துச் சொல்வதை ஒரு பணித்திறனாகவே கற்றுக்கொடுத்தார்கள். 1981-இல் யுனைடெட் நிறுவனம் தொடங்கிய அந்தப் பயிற்சி பிறகு உலகெங்கும் பரவியது. இளையவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அதில் ஒரு வரிசை உண்டு: பெயர் சொல்லிக் கூப்பிடு, எனக்குக் கவலையாக இருக்கிறது என்று சொல், எதைப் பற்றிய கவலை என்று சொல், என்ன செய்யலாம் என்று சொல், பதில் வரும்வரை விடாதே. கேப்டனின் அதிகாரம் அப்படியே இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவருடைய கடமை என்பது கூடுதலாகச் சேர்ந்தது. 1989-இல் சியூ சிட்டியில், வால் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் திரவ அழுத்த அமைப்புகள் மூன்றும் செயலிழந்தன. பயணியாக வந்த பயிற்சி விமானி ஒருவர், விமானிகளின் இருக்கைகளுக்கு நடுவே மண்டியிட்டு, மீதி இரண்டு எஞ்சின்களின் விசையை மட்டும் கூட்டிக் குறைத்து விமானத்தைத் தரைக்குக் கொண்டுவர உதவினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் ஆல் ஹேன்ஸ் தம் வாழ்நாளெல்லாம் இதற்கான நன்றியை அந்தப் பயிற்சிக்கே சொன்னார்.

மருத்துவமனை விஷயத்திலும் இதே கதை. 1990-களில் எமி எட்மண்ட்ஸன் என்ற ஆய்வாளர் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறைச் சொல்லப் பயமில்லை, அதனால் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் அலுவலகத்தில் யாருமே எந்தப் பிரச்சினையும் சொல்வதில்லை என்றால், அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதற்கு முன் இந்த ஆய்வை யோசியுங்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ‘நாம எல்லாம் ஒரே ஃபேமிலி’ என்று ஒரு மேலாளர் சொல்லும்போது எந்தக் குடும்பத்தைச் சொல்கிறார்? நம்மில் பெரும்பாலோர் வளர்ந்த குடும்பத்தில் அப்பா முடிவெடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அம்மாவுக்கு வேறு எண்ணம் இருந்தால் அடுக்களையில் முணுமுணுக்கலாம். சின்னவர்கள் வாயைத் திறந்தால் அது ‘எதிர்த்துப் பேச்சு’. இந்த ஒழுங்கைத்தான் அலுவலகத்துக்குள் கொண்டுவருகிறார்கள், குடும்பத்தின் பாதுகாப்பை அல்ல. செலவைக் குறைக்க வேண்டிய காலாண்டில் அந்தக் குடும்ப உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. மறுநாள் காலை வாசலில் அவருடைய அட்டை வேலை செய்வதில்லை. எந்தத் தகப்பனும் பிள்ளையை அப்படி வெளியேற்றுவதில்லை. வேலை என்பது ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பு உண்டு, இரண்டு தரப்புக்கும் குரல் உண்டு. குடும்பம் என்று சொல்லி அந்தக் குரலை வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

ஒரு நிறுவனத்தில் நான் பார்த்த கூட்டம் ஒன்று. புதிய மென்பொருளை அன்றிரவே கோ-லைவ் செய்வதா என்று தீர்மானிக்கும் அழைப்பு. அதைச் சோதித்த பெண், திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். மாதக் கடைசியில் ஒரே நேரத்தில் எல்லாக் கிளைகளும் உள்ளே வந்தால் இது தாங்காது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்காரரிடம் தெளிவான தமிழில், எந்த இடத்தில் நிற்கும், ஏன் நிற்கும் என்று விளக்கியும் இருந்தார். அழைப்பில் மேலாளர் ஆங்கிலத்தில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். மூன்று விநாடி மௌனம். எல்லோரும் ம்யூட்டில். ‘சரி, ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று அழைப்பு முடிந்தது. மாதக் கடைசியில் அந்தப் பெண் சொன்ன இடத்திலேயே அது நின்றது.

ஏன் பேசவில்லை என்று அந்தப் பெண்ணைக் கேட்பது அநியாயம். வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டிருக்க, தடுமாறும் ஆங்கிலத்தில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒருவர், பதினைந்து பேர் தலையாட்டிய முடிவை மறுக்க வேண்டும் என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நம் அலுவலகங்களில் யார் பேசலாம் என்பதை மொழியும் கல்லூரிப் பெயரும் பாலினமும் சாதியும் சேர்ந்து முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கின்றன. தொழிற்சாலைகளில் இன்னும் மோசம். இயந்திரத்தின் சத்தம் மாறியதை முதலில் கேட்பவர் அதன் பக்கத்திலேயே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி. பல ஆலைகளில் அவருடைய சீருடையின் நிறமே வேறு. அவர் சொல்லை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இடமில்லை. இவ்வளவு பேரை வாயடைக்க வைத்துவிட்டு, அந்த அமைதிக்கு ஒற்றுமை என்று பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று. குழுவாக இருங்கள் என்று சொல்லும் அதே நிறுவனம் ஆண்டு முடிவில் பெல் கர்வ் போடுகிறது. பத்துப் பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் ஒருவரைக் கடைசியில் தள்ளியே ஆக வேண்டும். அப்படியிருக்க, ‘இந்தப் பிழை என்னுடையது’ என்று யார் முன்வருவார்? சக ஊழியருக்கு எவர் நேரம் ஒதுக்கிச் சொல்லித்தருவார்? மைக்ரோசாஃப்ட் 2013-இல் இந்த முறையைக் கைவிட்டது. நம் ஊர் நிறுவனங்கள் பலவும் வேறு பெயரில் இதைத் தொடர்கின்றன. தரத்தின் ஆசானாக நம் ஆலைகள் கொண்டாடும் எட்வர்ட்ஸ் டெமிங், தம்முடைய பதினான்கு கொள்கைகளில் பயத்தை விரட்டுங்கள் என்றார். சுவரில் முழக்கங்களை ஒட்டுவதை நிறுத்துங்கள் என்றார். ஆண்டுதோறும் ஆளுக்கு ஆள் மதிப்பெண் போடுவதை வன்மையாக எதிர்த்தார். அவர் பெயரிலான பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது, 1998-இல், நம் சென்னையின் சுந்தரம் கிளேட்டன். அதன் பிறகு எத்தனையோ ஆலைகள் அந்தப் பரிசைத் தேடி ஓடியிருக்கின்றன. அவர் சொன்ன புள்ளியியலை எடுத்துக்கொண்ட வேகத்தில் பயத்தைப் பற்றி அவர் சொன்னதையும் எடுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எதிர்த் தரப்பின் வாதங்களில் வலுவானது, ஆளாளுக்கு ஆட்சேபம் சொன்னால் வேலை நடக்காது என்பது. ஆனால் டொயோட்டா ஆலைகளில் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ குறையைச் சொல்லலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். உலகிலேயே அதிகமாகக் கார் விற்கும் நிறுவனங்களில் ஒன்று இப்படித்தான் வேலை செய்கிறது. ஆட்சேபத்துக்கு ஆகும் நேரம் சில நிமிடம். அதைக் கேளாமல் விட்டால் பிறகு ஆகும் நேரத்தைத்தான் நாம் கணக்கில் எழுதுவதே இல்லை.

அடுத்தது, பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது நம் பண்பாடு அல்ல என்பது. பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமே எழுதி, தவறு கண்டால் கண்டிக்கும் துணை இல்லாமல் ஆள்கிறவன் தானாகவே அழிவான் என்று சொன்ன வள்ளுவரைவிட எந்த எச்.ஆர். துறைக்குத் தமிழ்ப் பண்பாடு அதிகம் தெரியும்? பணிவான ஒற்றுமைக்கு ஜப்பானை உதாரணம் காட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபுக்குஷிமா அணு உலை விபத்தை ஆராய்ந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் தலைவர் கியோஷி குரோக்காவா, கேள்வி கேட்காத பணிவையும் கூட்டத்தோடு ஒட்டிப்போகும் பழக்கத்தையும் விபத்தின் வேர்களாக 2012-இல் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். டொயோட்டாவின் கயிறும் அதே நாட்டில்தான் உருவானது. நாட்டுப் பண்பாட்டின் மேல் பழி போடுவதற்கு இங்கே இடமில்லை. எந்த ஆலை எந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது என்பதே கேள்வி.

சிலர் உண்மையிலேயே குழுவைக் கெடுக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சக ஊழியரை மட்டம் தட்டுகிறவர், அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் காட்டுகிறவர், தகவலைப் பூட்டி வைக்கிறவர் உண்டு. அவர்களைக் கண்டிக்க வேண்டும். ஆனால் அவர்கள் பெரும்பாலும் மேலாளரிடம் மிக நன்றாக ஒத்துப்போகிறவர்கள். அப்ரைசலில் அவர்களுக்கு ‘டீம் பிளேயர்’ என்றே எழுதப்படுகிறது.

தயங்காமல் பேசுங்கள் என்று வருடத்துக்கு ஒருமுறை பயிலரங்கம் வைப்பதால் இது மாறாது. பாய்ஷோலிக்குத் துணிச்சல் இல்லாமல் இல்லை. அவருடைய சொல்லுக்கு அந்தக் கூட்டத்தில் எடை இல்லை. எடையை விதியால்தான் கொடுக்க முடியும். முடிவெடுக்கும் கூட்டத்தில் பதவியில் கடைசி ஆளிடம் முதலில் கருத்துக் கேளுங்கள், அவர் பேச விரும்பும் மொழியில். ஆட்சேபம் சொன்னவர் பெயரும் காரணமும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறட்டும்; அதை மீறி முடிவெடுப்பவர், ஏன் மீறினேன் என்று அதற்குக் கீழேயே எழுதிக் கையெழுத்திடட்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வரிசையை நிறுத்தும் உரிமை எழுத்தில் இருக்கட்டும். ஆட்சேபம் சொன்னவரின் அந்த ஆண்டு அப்ரைசலை, அவர் யாரை எதிர்த்தாரோ அவர் எழுதக் கூடாது. இந்த நான்கில் ஒன்றையாவது ஏற்றுக்கொள்ளாத நிறுவனம், தன் ஊழியர்களிடம் குழு உணர்வைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொள்ளட்டும்.